கதவுக்கு வெளியே நிற்பது யார்?

மூன்று மாதமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டில் எல்லோரும் நலம். காதல் கதை எழுதிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

இதைத் தங்கையிடம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "அண்ணே, போனை மதினிகிட்ட குடு" என்றாள். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டாள் போல. மதினியும் நாத்தனாரும் கால் மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இருபது வருடமாக நான் எழுதியதெல்லாம் பேய்க்கதைதான். கிணற்றில் விழுந்தவள், புளியமரத்தில் தொங்கியவன், பூட்டிக் கிடக்கும் பங்களாவில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தானாக ஆடும் ஊஞ்சல். அட்டையில் ரத்தம் சொட்டும் கத்தி இருக்கும்; கதைக்குள் தேடினால் காய்கறி நறுக்குகிற கத்திகூட இருக்காது. எனக்கென்று ஒரு கூட்டம் வாசகர்கள் உண்டு. பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் இரவு வேலை பார்க்கிறவர்கள்.

போன சித்திரையில் பதிப்பாளர் கூப்பிட்டார். "சார், பேய் இப்பல்லாம் தனியாப் போக மாட்டேங்குது. கூட ஒரு லவ் வெச்சுக் குடுங்க. இங்கிலீஷ்ல இதுக்கு பாரநார்மல் ரொமான்ஸ்னு தனி அலமாரியே இருக்கு. நம்ம ஊர்ல ஆன்லைன்ல படிக்கிற பொண்ணுங்களும் அதைத்தான் கேக்குறாங்க. ஆனா ஒண்ணு, சுபமா முடியணும்."

அரிசி வியாபாரம் மாதிரி இருக்கிறதே என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம் மகளின் கல்லூரிக் கட்டணம் ஞாபகம் வந்தது. சரி என்றேன்.

மூன்று அத்தியாயம் எழுதினேன். ஆறடி உயரம், சுருட்டை முடி, வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பேய். சுவருக்குள் புகுந்து வருவான். நாயகிக்கு மழை நாளில் காபி போட்டுக் கொடுப்பான். யாரையும் பயமுறுத்த மாட்டான். எனக்கே அவனை ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்: "என்னங்க, இவன் பேயாவும் தேறல, மாப்பிள்ளையாவும் தேறல. சொவத்துக்குள்ள நடக்கத் தெரிஞ்ச நல்ல பையன், அவ்வளவுதான்."

இருபது வருட எழுத்து வாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமான விமர்சனத்தை நான் வாங்கியதில்லை. அன்று ராத்திரி தூக்கமும் வரவில்லை. எழுந்துபோய் அலமாரியில் என் குருநாதர் ஒருவரைத் தேடி எடுத்தேன். நான் தடுமாறுகிற இதே இடத்தை அவர் ஐம்பது வருடம் முன்னாலேயே தாண்டியிருக்கிறார். அவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

*

ரிச்சர்ட் மேத்திசன். 1926இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பிறந்தவர், 2013இல் காலமானார். பெயர் தெரியாவிட்டாலும் அவர் சரக்கு உங்களுக்குத் தெரியும். வில் ஸ்மித் ஒரு நாயோடு ஆளில்லாத நியூயார்க்கில் சுற்றுவாரே, 2007இல் வந்த 'ஐ ஆம் லெஜண்ட்', அது இவர் 1954இல் எழுதிய நாவல். நெடுஞ்சாலையில் ஒரு சாதாரணக் கார்க்காரனை முகம் தெரியாத லாரிக்காரன் துரத்துகிற 'டூயல்', ஸ்பீல்பெர்க் 1971இல் தொலைக்காட்சிக்கு எடுத்தது, இவர் சிறுகதைதான். தன்மீது அதிகச் செல்வாக்குச் செலுத்திய எழுத்தாளர் இவர்தான் என்று ஸ்டீபன் கிங் சொல்லியிருக்கிறார். இன்று உலகம் முழுக்கக் கூட்டம் கூட்டமாக நடக்கிற ஜாம்பிகளுக்கும் தாத்தா ஊர் இந்த நாவல்தான்: 1968இல் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எடுத்த ஜார்ஜ் ரொமேரோ, யோசனை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கவில்லை.

'ஐ ஆம் லெஜண்ட்' நாவல் சினிமா மாதிரி இருக்காது. ஒரு கொள்ளைநோயில் ஊரே ரத்தக்காட்டேரி ஆகிவிட்டது. மிச்சமிருப்பவன் ராபர்ட் நெவில் ஒருவன். பகலில் காட்டேரிகளைத் தேடிக் கொல்கிறான், இரவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடிக்கிறான். வெளியே பழைய பக்கத்து வீட்டுக்காரன் நின்றுகொண்டு, வெளியே வா என்று தினம் கூப்பிடுகிறான்.

அதில் ஒரு பகுதியை நான் முதல்முறை படித்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. பயந்தேன், பக்கத்தைப் புரட்டினேன். இப்போது படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நெவிலின் மகள் நோயில் இறக்கிறாள். இறந்தவர்களைப் பொதுக்குழியில் போட்டு எரிக்க வேண்டும் என்பது சட்டம், குழந்தை அதில் போய்விடுகிறது. அடுத்து மனைவி இறக்கிறாள். அவளையாவது நெருப்புக்குக் கொடுக்கக் கூடாது என்று திருட்டுத்தனமாகப் புதைத்துவிட்டு வருகிறான். பிறகு ஒரு ராத்திரி கதவருகே சத்தம் கேட்கிறது. வெளியே நிற்பவள் அவள்தான். அவன் பெயரைத் திக்கித் திக்கிச் சொல்கிறாள்.

இதைப் பயங்கரக் காட்சி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நன்றாக யோசித்தால், செத்துப்போன மனைவி வீடு தேடி வருவது எந்த விதவனின் ராத்திரிக் கனவாக இருக்காது? அவன் ஆசைப்பட்டதுதான் வந்து நிற்கிறது. அதுதான் பயமே. முன்பின் தெரியாத காட்டேரி என்றால் ஆணியை எடுத்து அடித்துவிட்டுத் தூங்கப் போயிருப்பான்.

*

இப்படி எழுதிய மனிதர் 1975இல் 'பிட் டைம் ரிட்டர்ன்' என்று ஒரு காதல் நாவல் எழுதினார். ரத்தம் இல்லை, காட்டேரி இல்லை. மறு வருடம் உலக ஃபேன்டஸி விருதில் சிறந்த நாவல் பரிசு வாங்கியது.

அது பிறந்த கதையே ஒரு பேய்க்கதை போலத்தான். நெவாடா மாநிலத்தில் வர்ஜீனியா சிட்டி என்ற பழைய சுரங்க ஊர். குடும்பத்தோடு பயணம் போன இடத்தில், அங்கிருந்த பைப்பர்ஸ் ஆப்பரா ஹவுஸ் என்ற நாடகக் கொட்டகையில் ஒரு நடிகையின் புகைப்படத்தைப் பார்க்கிறார். மாட் ஆடம்ஸ். 1905இல் அமெரிக்க மேடையில் பீட்டர் பேனாக நடித்துப் பெரும்புகழ் பெற்றவர். மேத்திசன் அந்தப் படத்தைப் பார்த்த காலத்தில் அவர் உயிரோடு இல்லை. ஆனால் அந்த முகம் மேத்திசனைப் பிடித்துக்கொண்டது. இந்தப் பெண்ணுக்காக ஒருவன் காலத்தைத் தாண்டிப் போனால் என்ன என்று யோசித்தார்.

நாங்கள் எழுதுகிற பேய்க்கதைகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். பழைய வீடு, சுவரில் ஒரு பெண்ணின் படம், பார்க்கிறவனை அது விடாது. நானாக இருந்தால் மூன்றாம் அத்தியாயத்தில் படத்தின் கண்ணிலிருந்து ரத்தம் வரவைத்திருப்பேன். அவர் அதே படத்தை வைத்துக்கொண்டு அடுத்த பக்கம் திரும்பினார்.

நாவலின் நாயகன் ரிச்சர்ட் காலியர், முப்பத்தாறு வயதுத் திரைக்கதை எழுத்தாளன். மூளையில் கட்டி, அறுவை செய்ய முடியாது, சில மாதம்தான் என்று சொல்லிவிட்டார்கள். காசைச் சுண்டிப் போட்டுப் பார்த்துத் திசையைத் தீர்மானித்து, கிளம்பிவிடுகிறான். சான் டியாகோ அருகே கடலோரத்தில் இருக்கிற ஹோட்டல் டெல் கொரனாடோவுக்கு வந்து சேர்கிறான். நிஜமாக உள்ள ஹோட்டல்தான், 1888இல் திறந்தது, முழுக்க மரக்கட்டிடம். அங்கே எலிஸ் மெக்கென்னா என்ற நடிகையின் படத்தைப் பார்க்கிறான். அவள் 1896இல் அங்கே நாடகம் போட்டவள். இவன் இருப்பது 1971. எழுபத்தைந்து வருட இடைவெளி.

எப்படிப் போகிறான் என்பதுதான் எனக்குப் பாடம். இயந்திரமோ மந்திரவாதியோ கிடையாது. ஜே.பி. பிரீஸ்ட்லி காலத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் படித்து, தன்னைத்தானே மனவசியம் செய்துகொண்டு, நான் இருப்பது 1896 என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறான். அந்தக் காலத்து உடை, அந்தக் காலத்துப் பணம், எல்லாம் தயார் செய்கிறான். பலமுறை தோற்கிறான். இதை எழுதுவதற்காக மேத்திசன் அந்த ஹோட்டலுக்கே போய்த் தங்கி, தன்னைக் காலியராகவே நினைத்துக்கொண்டு பார்த்ததையெல்லாம் டேப்ரிகார்டரில் பேசிப் பதிவு செய்திருக்கிறார்.

கடைசியில் அவன் உடைக்குள் தவறிக் கிடந்த ஒரே ஒரு நாணயம், 1971இல் அச்சடித்தது, கையில் அகப்படுகிறது. பார்த்த மாத்திரத்தில் தன் காலத்துக்கு இழுத்து எறியப்படுகிறான். அவ்வளவு பெரிய காதலை முறிக்க ஒரு செப்புக்காசு போதுமாக இருக்கிறது.

இதைப் படித்தபோது 'ஐ ஆம் லெஜண்ட்'டில் வரும் கைக்கடிகாரம் ஞாபகம் வந்தது. ஒருநாள் நெவில் மனைவியின் கல்லறைக்குப் போகிறான். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்திருக்கிறான், அது நின்றுபோனது தெரியாமல் இருந்துவிடுகிறான். இருட்டுகிறது. காட்டேரிகள் வெளியே வரும் நேரத்தில் வீட்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது. அங்கே நின்றுபோன கடிகாரம், இங்கே மறந்துபோன காசு. இரண்டுமே காலம் சம்பந்தப்பட்ட சின்னச் சாமான்கள், இரண்டுமே பெண்டாட்டியையோ காதலியையோ நினைத்து அசந்த நேரத்தில் காலை வாரிவிடுகின்றன. இருபத்தொரு வருடம் கழித்து, அதே சுத்தியலால் வேறு ஆணி அடித்திருக்கிறார்.

*

அடுத்து 1978இல் 'வாட் ட்ரீம்ஸ் மே கம்'. தலைப்பு ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டிலிருந்து எடுத்தது. 1998இல் ராபின் வில்லியம்ஸ் நடித்துப் படமாகவும் வந்தது. கிறிஸ் என்பவன் கார் விபத்தில் சாகிறான், மறுமையில் நல்ல இடத்துக்குப் போகிறான். இங்கே மனைவி ஆன் துக்கம் தாங்காமல் உயிரை விடுகிறாள், அவளுக்குக் கிடைப்பது இருட்டு. அவளைத் தேடி அவன் சொர்க்கத்தைவிட்டு நரகத்துக்கு இறங்குகிறான். எழுதியது கற்பனைதான், ஆனாலும் மனிதர் சும்மா விடவில்லை. மரணத்துக்குப் பிறகு என்ன என்பது பற்றித் தான் படித்த புத்தகங்களின் பட்டியலை நாவலின் கடைசியில் கொடுத்திருக்கிறார். 'ஐ ஆம் லெஜண்ட்'டில் காட்டேரித்தனத்துக்குக் கிருமியையும் பூண்டு வேலை செய்வதற்குக் காரணத்தையும் தேடிய அதே புத்தி.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1954இல் செத்த மனைவி கணவனின் கதவைத் தேடி வருகிறாள். அது திகில். 1978இல் செத்த கணவன் மனைவியின் இருட்டைத் தேடிப் போகிறான். அது காதல். நடுவில் இருக்கிற கதவு ஒன்றேதான். எந்தப் பக்கம் நின்று எழுதுகிறோம் என்பதில்தான் கதையின் சாதி மாறுகிறது.

அவர் திடீரென்று தாவிவிடவும் இல்லை. நடுவில் 1974இல் டான் கர்ட்டிஸ் என்ற இயக்குநர் தொலைக்காட்சிக்கு டிராகுலா எடுத்தார், ஜாக் பாலன்ஸ் நடித்தது. திரைக்கதை மேத்திசன். பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய நாவலில் டிராகுலா பிரபுவுக்குக் காதலும் இல்லை கத்தரிக்காயும் இல்லை, பசி மட்டும்தான். இந்தப் படத்திலோ லூசி என்ற பெண், பல நூற்றாண்டு முன்னால் அவன் இழந்த காதலியின் சாயலில் இருக்கிறாள். அவளைத் தேடித்தான் கடல் தாண்டி வருகிறான். பிறகு 1992இல் கொப்போலா எடுத்த டிராகுலா படத்திலும் செத்துப்போன மனைவியின் மறுபிறவிதான் கதையின் முதுகெலும்பு. 2005இல் ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' வந்தபோது காட்டேரி பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சில் உட்காருகிற அளவுக்கு இந்தப் பாதை தார்ச்சாலை ஆகிவிட்டது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று ஒதுக்கவும் முடியாது. நம் பழையனூர் நீலி என்ன செய்தாள்? கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தன்னைக் கொன்றவனின் பெண்டாட்டியாக ஊர்ச்சபையில் வந்து நின்று அழுதாள். அந்த அழுகையை நம்பி எழுபது வேளாளர்கள் வாக்குக் கொடுத்து, அந்த வாக்குக்காகத் தீயில் இறங்கினார்கள். பழி வாங்க வந்த பேய் தேர்ந்தெடுத்த வேடம் மனைவி வேடம். மறுபக்கம், ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' 1963லேயே முன்ஜென்மக் காதலைப் பாழடைந்த மாளிகைக்குள் வைத்து எடுத்த படம். கதவின் இரண்டு பக்கமும் நமக்கு எப்போதோ பழக்கம். நான்தான் ஒரு பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

*

அப்படியானால் என் ஆறடிப் பேயிடம் என்ன கோளாறு? காதலுக்கு இடைஞ்சல் என்று நினைத்துப் பயத்தை முழுக்கத் துடைத்திருந்தேன். மேத்திசன் பயத்தை எடுக்கவே இல்லை, இடம் மாற்றி வைத்தார். பேய்க்கதையில், அது வந்துவிடுமோ என்று பயம். காதல் கதையில், அது போய்விடுமோ என்று பயம். வருவதற்கு ஒரு விதி, போவதற்கு ஒரு விதி இருந்தால்தான் இரண்டும் வேலை செய்யும். என் பையன் நினைத்தபோது வந்தான், காபி போட்டான். அவன் போய்விடுவான் என்று யாரும் பதறவில்லை, போனால் போகட்டும் என்றுகூட இருந்தது.

மூன்று அத்தியாயத்தையும் கிழித்துப் போட்டேன். புதிதாக எழுதினேன். இப்போது நாயகி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், மாடிப் போர்ஷனில் தனியாகக் குடியிருக்கிறாள். அவன் புயல் ராத்திரியில் கம்பத்தில் ஏறிச் செத்துப்போன மின்வாரிய லைன்மேன். கரண்ட் இருக்கும்போது அவனால் வர முடியாது. கரண்ட் போனால் மட்டும் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கும். முதல் ஐந்து அத்தியாயம் என் பழைய வாசகர்களுக்கு. அவள் டார்ச்சும் தீப்பெட்டியுமாக நடுங்கிக்கொண்டிருப்பாள். ஆறாவது அத்தியாயத்தில் மின்தடை அறிவிப்பை அவளே செய்தித்தாளில் தேட ஆரம்பிப்பாள். ஒன்பதாவது அத்தியாயத்தில் வீட்டுக்கார அம்மா நல்ல மனசோடு சொல்வார்: "பாவம் நீ ராத்திரியெல்லாம் இருட்டுல கஷ்டப்படுறேம்மா, மாடிக்கும் சேத்து இன்வெர்ட்டர் சொல்லியிருக்கேன்."

என் வீட்டம்மா அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு, "அடப்பாவி" என்றாள். என்னைச் சொன்னாளா, அந்த வீட்டுக்கார அம்மாவைச் சொன்னாளா தெரியவில்லை. இருபது வருடத்தில் எந்தப் பேயும் அவளை அப்படி அலறவைத்ததில்லை. என்னுடைய செப்புக்காசு எனக்குக் கிடைத்துவிட்டது.

இனி ஒரு சிக்கல்தான் பாக்கி. சுபம். பாரநார்மல் ரொமான்ஸ் என்று அட்டையில் போட்டுவிட்டால் ஜோடி சேர்ந்தே ஆக வேண்டும், அது இந்தத் துறையின் எழுதாத ஒப்பந்தம். அந்தக் கணக்கில் மேத்திசனே தேறமாட்டார். காலியரின் கதையை அவன் செத்த பிறகு அவன் சகோதரன் வெளியிடுவதுபோல் முடிக்கிறார். எல்லாம் மூளைக்கட்டி காட்டிய மாயமாகவும் இருக்கலாம் என்று ஒரு சந்தேகத்தையும் ஓரமாக வைத்துவிட்டுப் போகிறார். 1980இல் 'சம்வேர் இன் டைம்' என்று அது படமானபோது அவரே திரைக்கதை எழுதினார். 'சூப்பர்மேன்' கிறிஸ்டோஃபர் ரீவ் நாயகன், ஜேன் சீமோர் நாயகி. படத்தில் கட்டி கிடையாது, 1896 என்பது 1912 ஆனது, ஹோட்டல் மிஷிகனின் மேக்கினா தீவுக்கு மாறியது. 1898லிருந்து மோட்டார் வண்டிக்குத் தடையுள்ள, இன்றும் குதிரை வண்டி ஓடுகிற தீவு. பழைய காலத்தைக் காட்ட இதைவிட வசதி ஏது? முடிவில் இருவரையும் மறுமையில் கைகோக்க வைத்தார்கள். தியேட்டரில் ஓடவில்லை. ஆனால் டிவியிலும் வீடியோவிலும் பார்த்துப் பார்த்து ஒரு கூட்டமே சேர்ந்தது. அந்தப் படத்தின் ரசிகர்கள் வருடாவருடம் அக்டோபரில் அதே தீவின் கிராண்ட் ஹோட்டலில் பழைய காலத்து உடை போட்டுக்கொண்டு கூடுகிறார்கள்.

பதிப்பாளரிடம் இதைச் சொன்னேன். "சார், மறுமைல சேந்தாலும் சேந்ததுதான், கணக்குல வரும். தாராளமா முடிங்க" என்றார். நான் இன்னும் முடிக்கவில்லை. இன்வெர்ட்டருக்கு பேட்டரி உண்டு, பேட்டரிக்கு ஆயுசு உண்டு என்ற இடத்தில் நிற்கிறேன்.

என் பழைய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணன் பயமுறுத்துவதை விட்டுவிட்டார் என்று வருத்தப்பட வேண்டாம். மேத்திசனை எழுதிய வரிசையிலேயே படித்துப் பாருங்கள்: முதலில் 'ஐ ஆம் லெஜண்ட்', அப்புறம் 'பிட் டைம் ரிட்டர்ன்'. முதல் புத்தகத்தைப் படிக்கும்போது கதவைப் பூட்டிவிட்டீர்களா என்று எழுந்துபோய்ப் பார்ப்பீர்கள். இரண்டாவதைப் படிக்கும்போது சட்டைப் பையில் சில்லறை கிடக்கிறதா என்று தடவிப் பார்ப்பீர்கள். கார்த்திகையில் என் கதையின் முதல் அத்தியாயம் வரும். அதைப் படித்த பிறகு உங்கள் வீட்டில் கரண்ட் போகும்போது என்ன தோன்றியது என்று எனக்கு எழுதுங்கள். ஒன்றுமே தோன்றவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன்.